இரண்டு ஒரு விகிதமுறு எண்தான்

கேளம்பாக்கம் பக்கத்துப் பள்ளியொன்றில் கணக்கு எடுக்கும் இரண்டு ஆசிரியர்கள் போன மாதம் ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆசிரியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, விடைத்தாள் திருத்தும் முகாமில் எனக்கு ஏற்பட்ட அனுபவங்களைச் "சுவையாக, ஒரு நாலு பக்கம்" எழுதித் தரச் சொன்னார்கள். இப்போதெல்லாம் திருத்தும் பணி தொடங்குவதற்கு முன்பே விடைக்குறிப்பை ஆசிரியர்களிடம் காட்டி, தவறு இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறார்களாம். உங்கள் காலத்தில் எப்படி சார் என்று அவர்களில் ஒருவர் விசாரித்தார். எங்கள் காலத்தில் கேட்க மாட்டார்கள். நாமாகச் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

சுவையாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கோபத்தோடு எழுத ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். மலரில் இடமில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.

முப்பத்தொரு வருடம் நான் கணக்கு ஆசிரியராக இருந்தேன். பள்ளிகள் மூன்று, முகாம்கள் பத்தொன்பது. செங்கல்பட்டில் பட்டப்படிப்பு, பிறகு ஓராண்டு ஆசிரியர் பயிற்சி. பயிற்சியில் நாற்பது பாடம் நடத்திக் காட்ட வேண்டும், நாற்பதும் நடத்தினேன். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். கடைசியாகப் பதினேழு வருடம் வேலை பார்த்தது திருவிடந்தையை ஒட்டிய கடற்கரைப் பள்ளி. ஊரப்பாக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அறையில் கடல் சத்தம் கேட்கும். கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றால் நன்றாகவே கேட்கும்.

அந்த வகுப்பில்தான் எண்களைப் பற்றிய பாடம் வரும்; பத்தாம் வகுப்புத் தேர்விலும் அதிலிருந்து கேட்பார்கள். 0, 1, 2, 3 என்று போகிறவை முழு எண்கள். ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்து எழுதக்கூடிய எண்களெல்லாம் விகிதமுறு எண்கள். வகுக்கிற எண், அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள பகுதி, பூச்சியமாக இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அரை, முக்கால், ஐந்தில் ஏழு எல்லாம் விகிதமுறு எண்கள். 3 என்பதும் அப்படித்தான். அதை 3/1 என்று எழுதலாம், 6/2 என்று எழுதலாம், 12/4 என்று எழுதலாம். எப்படி எழுதினாலும் எண்கோட்டில் ஒரே புள்ளி. ஆக முழு எண்கள் அத்தனையும் விகிதமுறு எண்களே. விகிதமுறு எண்கள் அத்தனையும் முழு எண்கள் அல்ல. இவ்வளவுதான் விஷயம். இரண்டு வாக்கியம்.

பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இதில் ஒரே குழப்பம் வரும். நடுவில் கோடு இருந்தால் விகிதமுறு எண், கோடு இல்லையென்றால் முழு எண் என்று நினைத்துக்கொள்வார்கள். கோடு என்பது எண்ணின் சட்டை என்று நான் சொல்வேன். சட்டையைக் கழற்றிவிட்டால் ஆள் வேறு ஆளாகிவிடுவானா? இன்னும் பிடிபடாதவர்களிடம், "திருவிடந்தையில் இருக்கிறவன் தமிழ்நாட்டில் இல்லையா?" என்று கேட்பேன். இருக்கிறான் என்பார்கள். "அப்படியானால் தமிழ்நாட்டில் இருக்கிறவனெல்லாம் திருவிடந்தையில் இருக்கிறானா?"

ஒருமுறை பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான்: "ஞாயித்துக்கெழம மட்டும் எல்லாரும் இங்கதான் சார் கீறாங்க."

கார் கட்டிக்கொண்டு கடல் பார்க்க வருகிறவர்களைச் சொன்னான். நானும் சிரித்துவிட்டேன்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்தது அதனால்தான் எனக்கு அவ்வளவு உறைத்தது. விடையைச் சுருக்காமல் விட்டால் நான் அரை மதிப்பெண் குறைப்பேன். 4/2 என்று எழுதி நிறுத்தினால் அது பாதி வேலை. வெட்டி 2 என்று எழுதினால்தான் முழு வேலை. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியையே யாரும் இலையில் கவிழ்ப்பதில்லை என்று சொல்வேன். பிள்ளைகள் எனக்கு வெட்டு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு கோடைக்காலம். பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் திருத்த எனக்குச் செங்கல்பட்டில் முகாம் போட்டிருந்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். எங்கள் அறையில் மின்விசிறிகள் ஆறு, சுற்றியவை நான்கு, காற்று வந்தது இரண்டிலிருந்து. வெயில் ஜன்னல் வழியாகப் பத்தரை மணிக்கு என் மேசைக்கு வந்து பன்னிரண்டே காலுக்குப் போகும்.

முகாம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மேசைக்கு ஒரு முதன்மைத் தேர்வாளர். அவருக்குக் கீழே எங்களைப் போல ஆறு உதவித் தேர்வாளர்கள். விடைத்தாள்கள் வேறு மாவட்டத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும். நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் தாள்கள் வேறெங்கோ போகும். பெயர் இருக்காது, பதிவெண் இருக்காது, வேறொரு எண் போட்டிருக்கும். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து. நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம், முதன்மைத் தேர்வாளர் பச்சை மையில் சரிபார்ப்பார். ஒரு கட்டில் இரண்டு மூன்று தாளை அவர் விருப்பம்போல எடுத்துப் பார்க்கலாம். ஆனால் மொத்தம் முப்பது முதல் முப்பத்துநான்கு வரை வந்த தாளை அவர் கட்டாயம் திரும்பப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வந்தால் தேர்ச்சி. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் ஒரு பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்பதற்கான விதி அது. நல்ல விதிதான்.

எங்கள் முதன்மைத் தேர்வாளர் ஏகாம்பரம் சார், உள்ளடங்கிய கிராமத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர். விவசாயக் குடும்பம். வெள்ளை அரைக்கை சட்டை, பையில் பச்சைப் பேனா இரண்டு. ஒவ்வொரு கையெழுத்துக்கும் மூடியைத் திறந்து, போட்டு, மறுபடி மூடுவார்; ஒரு நாளில் எத்தனை முறை மூடுகிறார் என்று எண்ணப் பார்த்து நூற்று அறுபதோடு விட்டுவிட்டேன். விடைக்குறிப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எதிரில் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் கீழ் வைத்திருப்பார். வீட்டிலிருந்து பெரிய தூக்கு நிறைய மோர் கொண்டுவந்து பதினொரு மணிக்கு எங்கள் ஆறு பேருக்கும் அவரே ஊற்றிக் கொடுப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாதாரணமாக 'நீங்க' என்பார். எரிச்சல் வந்தால் அது 'நீ' ஆகிவிடும்.

முதல் நாள் காலை அவர் விடைக்குறிப்பை வரி வரியாகப் படித்தார். கேள்வி பதினேழு, இரண்டு மதிப்பெண்: அரைக்கும் 7/2க்கும் இடையே உள்ள ஏதேனும் இரண்டு விகிதமுறு எண்களை எழுதுக. விடை: 4/2, 5/4. வேறு சரியான எண்களும் ஏற்கப்படும். அதன் கீழே ஒரு குறிப்பு: விடை பின்ன வடிவில் இருத்தல் வேண்டும்; முழு எண் எழுதினால் மதிப்பெண் இல்லை.

நான் எழுந்து நின்றேன். "சார், இந்தக் குறிப்பு தப்பு."

"எது?"

"முழு எண் எழுதினா மதிப்பெண் இல்லைன்றது. 2 விகிதமுறு எண்தான் சார். அவங்களே 4/2ன்னு விடை குடுத்திருக்காங்க. 4/2ன்னா 2தானே?"

"4/2ன்னு எழுதியிருந்தா போடுங்க. 2ன்னு எழுதியிருந்தா போடாதீங்க. இதுல இன்னா கஷ்டம்?"

"ரெண்டும் ஒண்ணு சார்."

"ரெண்டு எப்படிய்யா ஒண்ணாவும்?" என்றார். மேசையே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகப் போய்க் கரும்பலகையில் எண்கோடு வரைந்தேன். அரையைக் குறித்தேன், 7/2ஐக் குறித்தேன். நடுவில் 1, 2, 3 மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. இதைப் பார்த்து எழுதுகிற பிள்ளை எதைத் தப்பாக எழுதியது என்று கேட்டேன். திருவிடந்தை, தமிழ்நாடு எல்லாம் சொன்னேன். ஐந்து பேரில் மூன்று பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். தாள் தொடங்கினால்தான் முடியும், முடிந்தால்தான் பஸ்.

பக்கத்து இருக்கை சகாயமேரி டீச்சர் மட்டும், "சார் சொல்றது சரிதானே?" என்றார். அவரும் ஊரப்பாக்கம்தான். காலையில் ஒரே ரயிலில் வருவோம்.

ஏகாம்பரம் சார் பேனாவை மூடினார். "சரியா தப்பான்னு யாரும் கேக்கல டீச்சர். மேலருந்து ஆன்சர் கீ வந்துகீது. தமிழ்நாடு பூராவும் இதே கீதான். நம்ம மேசை மட்டும் வேற மாதிரி போட்டா நாளைக்கு எனக்கு மெமோ வரும்." பிறகு என் பக்கம் திரும்பிக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் பசங்க தாளு வேற எங்கியோ திருத்தறாங்க. நீ வெட்டி எழுதச் சொல்லிக் குடுத்திருப்ப. அதானே உன் பேஜாரு?"

அது உண்மை. என் பத்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேருக்கும் வெட்டி எழுதச் சொல்லிக் கொடுத்தது நான்தான். சரியாகக் கற்றதற்காக அவர்களில் எத்தனை பேருக்கு எந்த ஊரில் யார் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று அந்த நிமிடம் நினைத்தேன். ஆனால் அதற்காக மட்டும் எழுந்திருக்கவில்லை. அதைச் சொல்லி அவரிடம் நிரூபிக்க வழியில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் விடைக்குறிப்பின்படியே திருத்தினேன். இதை ஒளிக்க விரும்பவில்லை. 2 என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் நானே பெருக்கல் குறி போட்டேன். ஒவ்வொரு முறையும் சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டில் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். மூன்று நாளில் தொண்ணூறு தாள், கோடுகள் இருபத்தாறு. இருபத்தாறு பிள்ளைகள் சரியாக எழுதி, நான் தப்பு போட்டேன். 4/2 என்று எழுதி, வெட்டத் தெரியாமலோ சோம்பலாலோ அப்படியே விட்டவர்களுக்கு முழு மதிப்பெண். என் வகுப்பாக இருந்தால் அவர்களுக்குத்தான் அரை போயிருக்கும்.

நாலாம் நாள் காலை, பதினோராவது தாள்.

கையெழுத்து பெரியது, இடப்பக்கம் சாய்ந்தது. பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை. வடிவியல் போய்விட்டது, இயற்கணிதத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். பதினேழாம் கேள்விக்கு வந்தேன். மற்றவர்களெல்லாம் சராசரி கண்டு, கூட்டி இரண்டால் வகுத்து, அரைப் பக்கம் செய்திருப்பார்கள். இந்தப் பிள்ளை ஒரே வரி எழுதியிருந்தது: 1/2, 2/2, 3/2, 4/2, 5/2, 6/2, 7/2. அதில் 4/2ஐயும் 6/2ஐயும் வட்டம் போட்டிருந்தது. கீழே: விடை 2, 3.

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு அழகான விடையை நான் பார்த்ததில்லை. முழு எண்ணும் விகிதமுறு எண்ணும் ஒரே வரிசையில் நிற்பவை என்று புரிந்த பிள்ளைதான் அப்படி எழுதும். வட்டம் போட்டதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு மதிப்பெண். ஒரு வரி கூடுதலாகப் புரிந்துகொண்டதால் பூச்சியம்.

பெருக்கல் குறி இரண்டு போட்டேன். கூட்டினேன். மறுபடி கூட்டினேன். மூன்றாம் முறை அட்டையில், அதாவது முதல் பக்கத்து மதிப்பெண் பட்டியலில், மேலிருந்து கீழாகக் கூட்டினேன். முப்பத்துநான்கு.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பேசாமல் அந்த இரண்டு மதிப்பெண்ணைப் போட்டிருந்தால் முப்பத்தாறு ஆகியிருக்கும். முப்பத்தாறு வந்த தாளை முதன்மைத் தேர்வாளர் கட்டாயம் பார்க்க வேண்டியதில்லை. பதினைந்தில் அது அவர் கையில் அகப்படாமலே போயிருக்கலாம். அந்த யோசனை வந்தது. இருபத்தாறு பேருக்குத் தப்பு போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் எப்படிப் போடுவது என்றும் கூடவே வந்தது. எனக்குச் சலுகை வேண்டாம், குறிப்பு மாற வேண்டும் என்று நினைத்தேன். அப்போது அது நேர்மையாகத் தெரிந்தது.

தாளை ஏகாம்பரம் சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். "முப்பத்துநாலு சார். பதினேழைப் பாருங்க."

பார்த்தார். அவரும் கணக்கு ஆசிரியர்தான். அந்த ஒரு வரியை அவர் படித்த விதத்திலேயே அவருக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு தாளைப் பின்பக்கமாகப் புரட்டினார்.

"வரைபடம் போட்டுகீது பாரு. புள்ளியெல்லாம் சரியா கீது."

"அளவுத்திட்டம் எழுதலை சார். அதுக்கு ஒரு மார்க் குறைச்சிருக்கேன்."

"அந்த ஒண்ணைப் போட்டுடு. முப்பத்தஞ்சு. பாஸு. போய் அடுத்த தாளப் பாரு."

"அளவுத்திட்டமே இல்லை சார். எதைப் பார்த்துப் போடறது?"

"பதினேழுல சரியான விடைக்கு சைபர் போட்ட அதே கண்ணால பாரு."

"எழுதாததுக்கு மார்க்கு, எழுதினதுக்கு இல்லைன்னா என்ன சார் நியாயம்? பதினேழுல ரெண்டு மார்க் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். அதைக் குடுங்க. வரைபடத்துல எனக்கு ஒண்ணும் வேணாம்."

"உனக்கு வேணாம்," என்றார் அவர். "உனக்கு யாரு குடுத்தா?"

நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சகாயமேரி டீச்சர் எழுந்து வந்தார். என்னைத் தாங்கிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சார், கோச்சுக்காதீங்க. அந்தப் பிள்ளைக்கு உங்க நியாயம் வேணாம். ஒரு மார்க்கு வேணும்."

"தப்பான மார்க்கா டீச்சர்?"

"மார்க்ஷீட்ல எந்த மார்க்கு எங்கருந்து வந்துச்சுன்னு எழுதறாங்களா? முப்பத்தஞ்சுன்னுதான் போடறாங்க. முப்பத்துநாலுன்னா, அது பொண்ணா இருந்தா வூட்ல உக்காத்தி வெச்சிடுவாங்க. பையனா இருந்தா எங்கியாவது வேலைக்கு அனுப்பிடுவாங்க. உங்க ஸ்கூல்ல நீங்க பாக்காததா?"

பார்த்திருக்கிறேன். கடற்கரைப் பள்ளியில் கணக்கில் விழுந்தவர்களில் திரும்ப எழுத வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. முகாமின் மையப் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏகாம்பரம் சார் பேனாவை மூடி, விடைக்குறிப்பை உறையோடு எடுத்துக்கொண்டு, "வா, நடக்கட்டும்," என்று முன்னால் நடந்தார்.

மையப் பொறுப்பாளர் தலைமையாசிரியர் அறையில் இருந்தார். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றியது. நான் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன்: எண்கோடு, வரையறை, பாடப்புத்தகத்தின் பக்க எண், அந்தப் பக்கத்தில் மேலிருந்து எத்தனையாவது வரி என்பது வரை. அவர் பொறுமையாகப் படித்தார். நாகரிகமானவர். படித்து முடித்துவிட்டு, "நான் தாவரவியல் சார்," என்றார். பிறகு ஏகாம்பரம் சாரிடம் கேட்டார்: "நீங்க சொல்லுங்க. முழு எண் விகிதமுறு எண்ணா, இல்லையா?"

ஏகாம்பரம் சார் கொஞ்சமும் தயங்கவில்லை. "கணக்குப்படி ஆமா சார். கீ படி இல்ல."

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வாக்கியம் இன்றுவரை காதில் இருக்கிறது. தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். முப்பது வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்த மனிதர், கணக்கு ஒரு பக்கம், விடைக்குறிப்பு ஒரு பக்கம் என்று பிரித்து, இரண்டுக்கும் இடையில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார். பொறுப்பாளரும் தலையை ஆட்டினார், ஏதோ சிக்கல் தீர்ந்துவிட்டதைப் போல.

"நீங்க எழுதினதை நான் மேலே அனுப்பறேன் சார்," என்றார் என்னிடம். "ஆனா இப்ப மாத்த முடியாது. எல்லா ஊர்லயும் பாதிக்கு மேல திருத்தி முடிச்சாச்சு. கட்டின கட்டையெல்லாம் யார் பிரிக்கறது?"

தப்பு என்று தெரிகிறது. திருத்த முடியாது, ஏனென்றால் நிறைய இடத்தில் தப்பு செய்தாகிவிட்டது. ஒரு தாளில் என்றால் திருத்தியிருப்பார்களாம்.

வெளியே வராந்தாவில் ஏகாம்பரம் சார் நின்றார். "எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு ஏழு மாசம் கீது," என்றார். "பன்னண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி ஒரு கேள்விக்கு, கீல இல்லாத விடைக்கு மார்க்கு போட்டுட்டு ரெண்டு வருசம் பதில் எழுதிகினு இருந்தேன். எச்.எம். பதவி அதனாலதான் லேட்டு. நீ படிச்சதைத்தான் நானும் படிச்சேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிகினியா?"

"தெரிஞ்சு செய்யறீங்கன்னுதான் சார் கோபம்."

"கோபத்த வெச்சிகினு இரு. அந்தப் புள்ள பாஸாவட்டும்."

அறைக்குத் திரும்பினோம். தாள் அவர் மேசையில் திறந்தபடி கிடந்தது. அவர் உட்கார்ந்தார், பச்சைப் பேனாவைத் திறந்தார், வரைபடத்தில் நான் போட்டிருந்த 7ஐ அடித்து 8 என்று எழுதினார். அட்டையில் 34ஐ அடித்து 35 என்று எழுதினார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். மதிப்பெண் மாறினால், திருத்திய உதவித் தேர்வாளரும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பழைய மதிப்பெண்தான் செல்லும்.

"வை," என்றார்.

நான் வைக்கவில்லை. அளவுத்திட்டம் எழுதாமல் ஒரு மதிப்பெண் இழந்த மற்ற தாள்களையும் எடுக்க வேண்டும் என்றேன். என்னிடமே பதினொன்று இருந்தன. அவற்றில் எதுவும் முப்பத்துநாலில் நிற்கவில்லையே என்றார். அதனால் என்ன என்றேன். உங்கள் கணக்கில் எதற்குமே ஒரு விதி கிடையாதா என்று கேட்டேன்.

அவர் கத்தவில்லை. தூக்கைத் திறந்து, ஆறு தம்ளரில் மோரை ஊற்றி, எனக்குரியதை என் பக்கம் தள்ளினார். "நீ கையெழுத்து போடலன்னா நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். முப்பத்துநாலாவே போவும். தாள் உன்னுது. வர்ற வருசம் அந்தப் புள்ள திரும்ப எழுதும். எழுதினா எழுதும்."

சகாயமேரி டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. தன் தாளில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. விடைக்குறிப்பை எழுதியவர் எங்கோ சென்னையில் இருக்கிறார். பொறுப்பாளர் தாவரவியல். ஏகாம்பரம் சார் தன் பச்சை மையைப் போட்டுவிட்டார். இப்போது அந்தப் பிள்ளையை விழச் செய்யக்கூடிய ஒரே ஆள், அந்தப் பிள்ளை எழுதியது சரி என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கும் நான்தான்.

எழுதாத அளவுத்திட்டத்துக்குச் சுருக்கொப்பம் வைத்தேன். அட்டையிலும் வைத்தேன். எழுத்தால் "முப்பத்தைந்து" என்று எழுத வேண்டிய கட்டத்தில் அதையும் எழுதினேன். மீதி நான்கையும் நான் திருத்தி முடித்ததும், ஏகாம்பரம் சார் தாளை மற்ற பதினாலோடு சேர்த்து, நூல் சுற்றிக் கட்டினார்.

"பாஸாயிடிச்சில்ல. அப்புறம் இன்னா?" என்றார். மோரைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

என் ஒரு பக்கக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஜூன் மாதம் என் நாற்பத்தொரு பேருக்கும் மதிப்பெண் வந்தது. யாருக்கு எங்கே போயிற்று என்று கேட்க அப்போது வழியில்லை. ஏகாம்பரம் சார் ஏழு மாதம் கழித்து மெமோ இல்லாமல் ஓய்வு பெற்றார். விழாவுக்கு என்னை அழைத்தார், போனேன், ஒரு மாலையும் போட்டேன். அதற்கு அடுத்த வருடமும் எனக்கு முகாம் வந்தது, திருத்தினேன்.

இப்போது விடைக்குறிப்பை முன்னாலேயே காட்டுகிறார்கள் என்றால் நல்லது. என் இளைய நண்பர்கள் அதை வரி வரியாகப் படிக்கட்டும். தப்பு இருந்தால் கட்டுகள் பிரிவதற்கு முன்னால் சத்தம் போடட்டும். பிரித்துத் திருத்தத் தொடங்கிவிட்டால், இரக்கம் காட்டுவதற்குக்கூடப் பொய்தான் எழுத வேண்டியிருக்கும்.

அன்று கையெழுத்து போட்டது தப்பு என்று நான் நினைக்கவில்லை. இன்று கேட்டாலும் போடுவேன். அதைப் போட வைத்ததற்காகத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தாளில் சரியாக இருந்த இரண்டு எண்களின் மேல் என் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறது. இல்லாத ஒன்றின் பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. அந்தப் பிள்ளை இவை இரண்டையும் பார்க்கவே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் முப்பத்தைந்து, தட்டுத்தடுமாறி ஒரு தேர்ச்சி. இந்நேரம் அதற்கே பிள்ளைகள் இருக்கும். வீட்டுப்பாடத்தை நீட்டினால், எனக்குக் கணக்கு வராது, அப்பாவைக் கேள், அம்மாவைக் கேள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

வந்தது. அந்த ஒரு வரியில், அந்த அறையில் இருந்த எங்கள் எல்லாரையும்விட நன்றாக வந்தது.